பாட்டு உங்கள் வாயில் இருக்கிறதா?

தியானப் பகுதி: உபாகமம் 31:19-26



எழுப்புதல் கூட்டங்களுக்காக நம்முடைய வாலிபர் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பாட்டுப் பழகி வருவது உங்களுக்குத் தெரியும். மொத்தம் ஆறு பேர். ஒருவரும் சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கினவரல்ல. கீபோர்டு வாசிக்கிற தம்பி பகலெல்லாம் மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறான். கிட்டார் வாசிக்கிற தம்பிக்கு மருந்துக் கடையில் வேலை. போன மாதம் அவர்களிடம் ஒரு காரியம் சொன்னேன். "இந்தத் தடவை மேடையில ஸ்டாண்டு வேண்டாம், பேப்பர் வேண்டாம், செல்போன் வேண்டாம். பத்துப் பாட்டையும் பார்க்காம பாடணும்."

உடனே ஒரு தம்பி கேட்டான்: "பாஸ்டர், திரையிலதான் வார்த்தை எல்லாம் பெரிசா வருதே, பிறகு எதுக்கு மனப்பாடம்?"

நியாயமான கேள்வி. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் சொல்ல வேண்டுமானால் என்னுடைய வெட்கத்தையும் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லுகிறேன்.

2016ஆம் வருஷம் என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருந்தார்கள். ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். அப்பா கண்ணைத் திறந்து, "ஐயா, எங்க அம்மா பாடுவாளே, அந்தப் பாட்டைப் பாடுய்யா" என்றார்கள். எனக்குத் தெரிந்த பாட்டுதான். பதினைந்து வருஷமாய்க் கிட்டாரோடு சபையில் நான் நடத்தின பாட்டு. பல்லவியைப் பாடினேன், முதல் சரணத்தைப் பாடினேன். இரண்டாம் சரணம் வரவில்லை. ராகம் இருக்கிறது, வார்த்தை இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை, பாட்டுப் புத்தகம் வீட்டில். "ம்... ம்..." என்று ராகத்தை மட்டும் இழுத்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவர்களே இரண்டாம் சரணத்தைப் பாடினார்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவே மூச்சு வாங்கினது. மூன்றாம் சரணமும் பாடினார்கள், நான்காவதும் பாடினார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவர்கள் என் அப்பா. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா வாங்கின பாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சாகக் கிடக்கிற மனுஷன் எனக்குப் பாடி ஆறுதல் சொன்னார். மூன்றாம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பதினைந்து வருஷமும் என் கண் வாசித்தது, வாய் சொன்னது. உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. பாட்டு என் கையில் இருந்தது, வாயில் இல்லை.

இப்போது வேதத்துக்கு வாருங்கள். உபாகமம் 31ஆம் அதிகாரத்தில் மோசேக்கு வயது 120. மரணம் சமீபித்துவிட்டது. அப்போது கர்த்தர் அவனிடம் ஒரு பாட்டை எழுதச் சொல்லுகிறார். எழுதினால் மட்டும் போதாது. ஜனங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, அவர்கள் வாயிலே தங்கச் செய்ய வேண்டும் என்கிறார். மோசே அன்றைய தினமே எழுதி, அன்றைய தினமே படிப்பித்தான் (வச. 22). அந்தப் பாட்டுத்தான் 32ஆம் அதிகாரத்தில், 43 வசனமாய் நீளுகிறது. சின்னப் பாட்டு அல்ல!

இதிலே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அதே அதிகாரத்தில் நியாயப்பிரமாண புஸ்தகமும் எழுதி முடிக்கப்படுகிறது. அதை எங்கே வைக்கச் சொன்னார்? உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்திலே (வச. 26). புஸ்தகம் பெட்டியண்டையில், பாட்டோ ஜனத்தின் வாயில். ஏன்? ஜனங்கள் கானானுக்குள் போய், தின்று திருப்தியாகி, வழிவிலகிப் போவார்கள் என்று கர்த்தருக்குத் தெரியும். பெட்டியண்டைக்கு எல்லாரும் போக முடியாது. சந்ததியார் வாயிலிருந்து மறந்துபோகாத அந்தப் பாட்டு, வயலிலும் வீட்டிலும் அவர்களுக்கு எதிரே சாட்சி சொல்லும் (வச. 21).

பவுலும் சீலாவும் எங்கே பாடினார்கள்? உட்காவலறையில், கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் (அப். 16:24,25). அந்த இருட்டில் யார் அவர்களுக்கு எழுத்தைக் காட்டியது? உள்ளே இருந்தது வெளியே வந்தது. மற்றக் கட்டுண்டவர்களும் கேட்டார்கள்.

"ஆவியானவர் நினைப்பூட்டுவாரே பாஸ்டர்" என்று சிலர் சொல்லுகிறீர்கள். ஆமென், நினைப்பூட்டுவார். ஆனால் யோவான் 14:26ஐ நிதானமாய் வாசியுங்கள். இயேசு ஏற்கெனவே சொன்னவைகளை நினைப்பூட்டுவார் என்றுதான் இருக்கிறது. நிரப்பாத குடத்தில் எதை மொள்ளுவது?

சரி, எப்படி மனப்பாடம் பண்ணுவது? நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறேன்.

1. முதலில் ராகத்தை விட்டுவிடுங்கள். வார்த்தைகளைப் பேசுகிறதுபோல வாசியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள்? முதல் சரணத்தில் என்ன நடக்கிறது, இரண்டாவதில் என்ன? ஒரு சரணம் சிலுவை, அடுத்தது மன்னிப்பு, அடுத்தது ஊழியம் என்று வரிசை விளங்கிவிட்டால் மாறிப் பாட மாட்டீர்கள். கருத்தோடும் பாடவேண்டும் என்று பவுல் சொல்லுகிறாரே (1 கொரி. 14:15).

2. ஒவ்வொரு சரணத்தின் முதல் வார்த்தையையும் பிடித்துக்கொள்ளுங்கள். சரணத்தின் நடுவே விழுகிறவர்கள் குறைவு. பல்லவி முடிந்து அடுத்த சரணம் எடுக்கிற இடத்தில்தான் விழுவோம். எல்லாச் சரணத்துக்கும் ராகம் ஒன்றாயிருப்பதால் அது வழி காட்டாது. முதல் வார்த்தைகளை மட்டும் எழுதி, சங்கிலிபோலச் சொல்லிப் பாருங்கள். 119ஆம் சங்கீதத்தைத் திறந்தால் ஆலெப், பேத் என்று போட்டிருக்கும். எபிரெய எழுத்து 22, எழுத்துக்கு 8 வசனம், ஆக 176 வசனம். எட்டு வசனமும் எபிரெயத்தில் அந்த எழுத்திலேயே தொடங்கும். அந்த வரிசை மனதில் வைக்கிறவனுக்கு எவ்வளவு உதவி!

3. புத்தகத்தை மூடுங்கள். பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை பாடுவதைவிட, மூடிவிட்டுத் திணறி நினைவுக்குக் கொண்டுவருவது நல்லது. 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் மாணவரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் நன்றாய்ச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பழகினவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பாடம் பண்ணி, "வீட்டுல நல்லா வந்துச்சு பாஸ்டர்" என்று சனிக்கிழமை சொல்லுகிற தம்பிமாரே, கேட்டீர்களா?

4. ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காராதீர்கள். தினம் பத்து நிமிஷம் போதும். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் போகும்போது, படுக்கைக்குப் போகுமுன். முதலும் கடைசியும் தானாய் நிற்கும். நடுச் சரணந்தான் நழுவும். ஆகையால் சில நாள் நடுவிலிருந்தே ஆரம்பியுங்கள்.

5. வாத்தியக்காரர் கவனிக்க: கிட்டாரில் கார்ட் மாற்றுவதற்கே யோசித்துக்கொண்டிருந்தால் வார்த்தை ஓடிப்போகும். கை தானாய்ப் போகிறவரைக்கும் தனியே பழகிவிட்டு, பிறகு சேர்த்துப் பாடுங்கள். மேடையில் நிற்பதுபோல நின்று, மைக் பிடித்துப் பழகுங்கள். அப்படியும் மறந்தால் நிறுத்தாதீர்கள், முகம் கோணாதீர்கள். பல்லவிக்குத் திரும்புங்கள்; பக்கத்தில் நிற்கிறவர் அடுத்த சரணத்தின் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுக்கட்டும்.

ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். மனப்பாடம் நமக்குப் பெருமையாகிவிடக் கூடாது. வயதான தாய்மார் வார்த்தையை மாற்றிப் பாடினால் சிரிக்காதீர்கள். கர்த்தர் ஞாபகசக்திக்கு மார்க் போடுகிறவரல்ல. திரை சபைக்காக இருக்கட்டும். புதிதாய் வருகிறவருக்கு அது வேண்டும். ஆனால் நடத்துகிறவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், அழுகிற ஜனத்தை எப்போது பார்ப்பான்?

ஃபானி கிராஸ்பி அம்மையார் (1820-1915) குழந்தையிலேயே பார்வை இழந்தவர். ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை மனதிலேயே கட்டி, பிறரைக்கொண்டு எழுதுவித்தார். நமக்கோ கண் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. நாலு சரணம் கனமா?

பிரியமானவர்களே, அப்பா பாடின அந்த நாலு சரணமும் இப்போது எனக்குத் தெரியும். அப்பா கேட்பதற்கு இல்லை. அம்மா இருக்கிறார்கள். ராத்திரி ஜெபத்தில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டாம் சரணத்தை நான் எடுப்பேன், அம்மா சேர்ந்துகொள்வார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் அருகே ஒரு ராத்திரி வரும். அங்கே திரை இராது. இந்த வாரமே ஒரு பாட்டை எடுத்து, புத்தகத்தை மூடுங்கள்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் கையிலிருக்கிற பாட்டை எங்கள் உள்ளத்தில் வையும். இருட்டிலும் அது எங்கள் வாயில் இருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.