பட்டம் வாங்கிய பிறகு வரும் வருஷம்

பட்டப்படிப்பின் கடைசித் தேர்வு ஏப்ரல் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. அடுத்த சில வாரங்களுக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். அதன் பிறகும் சொந்த ஊருக்குத் திரும்பாமல், படித்த நகரத்திலேயே ஓர் அறை பிடித்து, வேலை தேடுவதும் போட்டித் தேர்வுக்குப் படிப்பதுமாக ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருந்துவிடுகிறவர்கள் தமிழ்நாட்டின் எல்லாக் கல்லூரி நகரங்களிலும் உண்டு. திருச்சியில் அப்படித் தங்க ஏற்ற பகுதிகளில் எடமலைப்பட்டி புதூரும் ஒன்று. இப்படித் தங்குவது சரிதானா, சரியென்றால் எவ்வளவு காலத்துக்கு என்பது தங்குகிறவரையும் அவருக்குப் பணம் அனுப்பும் வீட்டையும் சேர்த்தே அலைக்கழிக்கிற கேள்வி.

திருச்சி கல்லூரி நகரமாக வளர்ந்தது மெல்ல மெல்லத்தான். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883-இல் இங்கே இடம் மாறியது. தேசியக் கல்லூரி 1919-இலும் ஹோலி கிராஸ் 1923-இலும் ஜமால் முகமது கல்லூரி 1951-இலும் வந்தன. அறுபதுகளில் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி, காஜாமலையில் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி, புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரி. 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம். பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் துறையூர், முசிறி, மணப்பாறைப் பிள்ளைகளுக்கும் 'மேல்படிப்பு' என்றாலே திருச்சிதான். அப்துல் கலாம் 1954-இல் தூய வளனாரில் இயற்பியல் முடித்தார். ஸ்ரீரங்கத்து ரங்கராஜனும், பின்னாளில் சுஜாதா, அங்கே படித்தவர்தான். இருவரும் அடுத்துப் போனது சென்னை எம்.ஐ.டி.க்கு. அந்தத் தலைமுறையில் பட்டதாரி அரிது; பட்டம் கையில் வந்ததும் ரயில் ஏறிவிடுவார். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இந்த எண் தமிழ்நாட்டுக்குப் பெருமை, அதில் ஐயமில்லை. ஆனால் இவ்வளவு பேர் கையிலும் பட்டம் இருக்கும்போது, பட்டம் மட்டும் யாரையும் ரயில் ஏற்றிவிடாது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஓர் இடைவெளி வந்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் புதூர் அறைகள் நிரம்புகின்றன.

எடமலைப்பட்டி புதூர், உள்ளூர் வழக்கில் எ.புதூர், மதுரை ரோட்டுப் பக்கம் கிராப்பட்டிக்கும் பஞ்சப்பூருக்கும் நடுவே இருக்கிறது. மாநகராட்சிக்குள்ளேயே இருந்தாலும் தில்லைநகர், கண்டோன்மென்ட் வாடகை இங்கே இல்லை. 2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டு ஜூலையில் வெளியூர் பஸ்கள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. அதே பஞ்சப்பூரில் டைடல் பூங்காவுக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மலிவு நெடுநாள் நீடிக்காது என்பதற்கு இவை போதுமான அறிகுறிகள். இப்போதைக்கு, மாடியில் ஷீட் போட்டுக் கட்டிய ஒற்றை அறையை மூன்று பேர் சேர்ந்து எடுத்துக்கொள்ள முடிகிறது. 'பேச்சிலருக்குக் கொடுக்கிறதில்லை' என்று நான்கு வீட்டில் சொல்லி, ஐந்தாவது வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம், மோட்டார் போடும் நேரம், இரவு கேட் பூட்டும் நேரம் மூன்றும் முதல் நாளே சொல்லப்பட்டுவிடும்.

சாப்பாட்டுக்கும் இந்த ஊர் ஆளைக் கைவிடுவதில்லை. மாதக் கணக்கு வைத்துக்கொள்ளும் மெஸ்கள் உண்டு. 2013 முதல் மாநகராட்சி அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. கையில் காசில்லாத பட்டதாரியைப் பட்டினி போடாத நகரம் என்று திருச்சியைத் தாராளமாகச் சொல்லலாம். இந்தத் தாராளத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: செலவு குறைவாக இருக்கும் இடத்தில் நாள் கழிவது தெரியாது. சென்னையில் மூன்று மாதத்தில் கைக்காசு தீர்ந்து ஏதாவதொரு வேலையில் சேர்ந்தே தீர வேண்டிய ஒருவர், இங்கே அதே காசில் ஒரு வருஷத்தை ஓட்டிவிட முடியும். அந்த வருஷம் அவருக்கு உதவியதா, வெறுமனே கழிந்ததா என்பதை வாடகைக் கணக்கு காட்டாது.

முதல் சில வாரங்கள் காகிதங்களில் போய்விடுகின்றன. டி.சி., ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று, தமிழ்வழியில் படித்ததற்கான சான்று, இ-சேவையில் சாதிச் சான்றும் வருமானச் சான்றும், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. ஓர் அரியர் மிச்சம் இருந்தால் மற்றதெல்லாம் நிற்கும். இந்த அலைச்சல் முடியும்வரை ஆள் ஏதோ செய்துகொண்டிருப்பதாகவே உணர்கிறார். கஷ்டம் அதற்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. பதினைந்து வருஷம் மணி அடித்து எழுப்பிய ஏற்பாடு நின்றுபோயிருக்கும். வருகைப் பதிவு இல்லை, இன்டர்னல் மார்க் இல்லை, கேட்பதற்கு ஆசிரியர் இல்லை. வேலையில்லாததைவிட இந்த நேர ஒழுங்கு போனதுதான் புதிய பட்டதாரியை முதலில் தளர்த்துகிறது. இதை வீட்டாரும் கவனிப்பதில்லை. அவரே கூடச் சோம்பல் என்று தன்னைத் திட்டிக்கொண்டு விட்டுவிடுகிறார்.

இழந்த ஒழுங்கைத் திரும்பக் கொடுக்கும் இடங்கள் சில ஊரில் இருக்கின்றன. மேலப்புலிவார்டு ரோட்டில் மாவட்ட மைய நூலகம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கட்டணமில்லாமல் போட்டித் தேர்வுப் பயிற்சி தரும் தன்னார்வப் பயிலும் வட்டம். இவற்றோடு, தட்டச்சுப் பயிலகம். கம்ப்யூட்டர் வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டில் தட்டச்சுப் பயிலகங்கள் பிழைத்திருப்பதற்கு அரசுத் தேர்வுகளே காரணம். குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தகுதி வேண்டும். பயிலகத்தில் ஒருவருக்கு ஒரு மணி நேரம். பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள் ஒரே சமயத்தில் தடதடக்க, வரி முடியும் இடத்தில் மணி அடிக்கும். கேரேஜை இடமிருந்து வலமாகத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். சுண்டு விரலுக்கு உரிய எழுத்தை மோதிர விரலால் அடித்தால், எழுத்து சரியாகவே விழுந்தாலும் ஆசிரியர் கையைத் தட்டுவார். தொழில்நுட்பக் கல்வித் துறை வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், தேர்வு நடத்துகிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. நேற்று எத்தனை பிழை, இன்று எத்தனை பிழை என்று தாளில் சுழித்துக் காட்டும் வேலை இது. பட்டதாரியின் அந்த வருஷத்தில் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அநேகமாக இது ஒன்றுதான். வேலைக்கு உதவுகிறதோ இல்லையோ, அந்த ஒரு மணி நேரம் ஆளை நிமிர்த்தி வைக்கிறது.

போட்டித் தேர்வின் காலக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2024 குரூப் 4 தேர்வுக்கான அறிவிக்கை ஜனவரி 30-ஆம் தேதி வந்தது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம் கொண்ட அந்தத் தேர்வு ஜூன் 9-ஆம் தேதி நடந்தது. முடிவு அக்டோபர் 28-ஆம் தேதி. சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும் அதன் பிறகு. அறிவிக்கையில் இருந்த 6,244 இடங்கள் பின்னர் கூட்டப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். அறிவிக்கையிலிருந்து பணி ஆணைவரை ஒரு முயற்சி ஏறக்குறைய ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்கிறது. 'ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கிறேன்' என்று வீட்டில் சொல்பவர், தான் கேட்பது ஒரே ஒரு வாய்ப்பு என்பதை அறிந்து சொல்வதில்லை. அந்த ஒன்று தவறினால் இன்னொரு வருஷம் தானாகச் சேர்கிறது. யாரும் கூடி முடிவெடுக்காமலே சேர்கிறது. வருஷங்கள் கரைவது இப்படித்தான்.

காத்திருப்பது யாரால் முடிகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 மட்டுமே. படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. அவரால் ஒரு வாரம்கூடச் சும்மா இருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். காத்திருக்க முடிவது ஒரு வசதி. புதூர் அறையில் இருப்பவருக்கு அந்த வசதியைச் செய்து தருவது ஊரில் இருக்கும் ஒரு கறவை மாடோ, அப்பாவின் லாரி ஓட்டமோ, அக்காவின் சம்பளமோதான். மீரட் நகரத்தில் பட்டம் வாங்கிவிட்டு வருஷக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களைப் பற்றி ஆய்வாளர் கிரெய்க் ஜெஃப்ரி 2010-இல் எழுதிய நூலுக்கு 'டைம்பாஸ்' என்றே பெயர். அந்த நிலை மீரட்டுக்கு மட்டும் உரியதல்ல.

அரசின் கைகொடுப்பு சிறியது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த, குடும்ப வருமானம் வரம்புக்குள் உள்ள பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. பதிவு செய்த முதல் வருஷத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. எனவே ஏதாவது ஒரு சம்பாத்தியம் கையில் இருக்க வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், ஒரு கடைக்கு ஜி.எஸ்.டி. பில் போட்டுக் கொடுப்பது, ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் நிரப்பித் தருவது போன்றவை புதூரிலும் கிராப்பட்டியிலும் தேடினால் கிடைக்கக் கூடியவை. 'வேலைக்குப் போனால் படிப்பு கெட்டுவிடும்' என்று பலர் இதைத் தள்ளிவைக்கிறார்கள். அந்த வாதம் வலுவானதல்ல. பதினான்கு மணி நேரமும் படிக்கிற மனிதர் மிகச் சிலரே. மீதி நேரம் செல்போனில் போகிறது. குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவருக்குத் தேர்வின் திறனறிப் பகுதி எளிதாகும் என்பது ஒரு லாபம். 'சார்' என்றோ 'மிஸ்' என்றோ தினமும் தன்னை எதிர்பார்க்க நான்கு பேர் இருப்பது அதைவிடப் பெரிய லாபம்.

இரவு எட்டரை மணிக்கு வீட்டிலிருந்து போன் வரும். 'சாப்பிட்டியாப்பா' என்று தொடங்கி, 'அப்பா எக்ஸாம் என்னைக்குன்னு கேக்கச் சொன்னாரு' என்பதில் முடியும். அப்பா பக்கத்திலேயேதான் இருப்பார். ஊரில் யார் கேட்டாலும் 'படிச்சிக்கிட்டிருக்கான்' என்று வீட்டில் பதில் சொல்கிறார்கள்; முதல் பட்டதாரியாக இருந்தால் அந்தப் பதிலில் கௌரவமும் பயமும் சம அளவில் இருக்கும். மாதிரித் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வீட்டில் உள்ளபடி சொல்கிறவர்கள் குறைவு. சொல்லிவிடுவது நல்லது. 300-க்கு 140 என்று தெரிந்தால் அப்பாவுக்கும் கணக்குப் போடத் தெரியும். தெரியாதபோதுதான் நம்பிக்கை மட்டும் பெரிதாக வளர்கிறது.

பெண்களுக்கு இந்த வருஷம் வேறு மாதிரி. அவர்களுக்கு மாடி அறை கிடையாது. தனியார் விடுதி, மாலையிலேயே மூடும் கேட். வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கு அரசின் தோழி விடுதி திருச்சியிலும் உண்டு. தேடிக்கொண்டிருப்பவருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. 'ஒரு வருஷம் டைம் தர்றோம், அதுக்குள்ள பாத்துக்க' என்று வீட்டில் சொல்லும்போதே ஜாதகம் கைமாறத் தொடங்கியிருக்கும். கெடு இருப்பதால் இவர்கள் ஒரு நாளையும் வீணாக்குவதில்லை என்று சிலர் இதைப் பாராட்டாகச் சொல்வார்கள். பையனுக்கு மூன்று முயற்சியும் பெண்ணுக்கு ஒன்றும் கொடுத்துவிட்டுப் பெண்ணின் சுறுசுறுப்பைப் பாராட்டுவது நியாயமல்ல. கொடுக்கிற காலம் எவ்வளவானாலும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்படியானால் தங்கலாமா? தங்கலாம். திருச்சி இதற்குப் பொருத்தமான ஊர். நூலகமும் பயிலகமும் மலிவான சாப்பாடும் இருக்கின்றன. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும் முன் எழும்பூர், நேர்முகத் தேர்வு முடிந்து மறுநாள் அறைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் புறப்படும் தேதியை அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே முடிவு செய்து வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். எத்தனை முயற்சி என்பதைத் தேர்வு அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கு மேல் முழுநேரமாக உட்காருவது பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டாது. இரண்டாவது முயற்சியின்போதே தனியார் வேலைக்கும் விண்ணப்பம் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

தேதி வந்ததும் கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டால் அரசு வேலைக் கனவு முடிந்துபோகும் என்ற அச்சம்தான் பலரை அறையிலேயே இருத்திவைக்கிறது. குரூப் 4-இன் பெரும்பாலான பணிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கே வயது வரம்பு 32. மற்றப் பிரிவினருக்கு அதைவிட அதிகம். இருபத்தொரு வயதில் பட்டம் வாங்கியவர், சம்பளம் வாங்கிக்கொண்டே இன்னும் பதினொரு வருஷம் தேர்வு எழுதலாம்.