பூனை நம்முடையது, பறவை யாருடையது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவன் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



பூனை என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு ஹதீஸ். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதற்கு அஞ்சித்தான் பலர் பூனைக்குச் சோறு வைக்கிறோம். நல்ல காரியம். ஆனால் அந்தப் பூனை இரவில் கொன்று வரும் உயிர்களைப் பற்றி என்றாவது யோசித்தோமா?

திருத்தணி மலையும், அதைச் சுற்றிய புதர்க்காடும், வயல்களும் நம் தெருக்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆள்காட்டியும் கௌதாரியும் தரையில்தான் முட்டையிடும். அணிலும் ஓணானும் நம் கொல்லையிலேயே வாழ்கின்றன. பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடுவதில்லை. வயிறு நிறைந்த பூனையும் பாயும். ஆகவே ஒரு தட்டுச் சோற்றோடு நம் கடமை முடிந்துவிடாது.

இது சிறிய விஷயம் என்று எண்ணாதீர்கள். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. மனிதர்களோடு பூனையும் அங்கே போய்ப் பெருகியது. பறக்க இயலாத ஒரு சிறு குருவியினம் சில ஆண்டுகளிலேயே இல்லாமல் போனது. உலகில் வேறெங்கும் அது மிஞ்சியிருக்கவில்லை.

“அது பூனையின் இயல்புதானே, அல்லாஹ் அப்படித்தானே படைத்தான்?” என்று கேட்பீர்கள். உண்மை. பூனைக்குக் கேள்வி கணக்கு இல்லை. அதை வளர்ப்பவருக்கு உண்டு.

பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவரின் தோட்டத்தில் புகுந்து பாழாக்கியது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு. இரவில் கால்நடை செய்யும் சேதத்துக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் பூனையைப் பற்றியே சட்டம் எழுதியிருக்கிறார்கள்: பிறர் பறவையைக் கொல்வது அதன் வழக்கம் என்று தெரிந்திருந்தால், இரவானாலும் பகலானாலும் உரிமையாளரே ஈடு கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு செத்தால் கேட்க ஆள் வருவார். கௌதாரிக் குஞ்சுக்காக யார் வருவார்? அதன் உரிமையாளன் அல்லாஹ் அல்லவா? ஒரு சிறு பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட்டபோது, அந்தத் தாயைத் தவிக்க விட்டது யார் என்று விசாரித்து, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.

அப்படியானால் பூனையை வீட்டுக்குள் வைப்பது அந்த முதல் ஹதீஸுக்கு மாறாகாதா? ஆகாது. அங்கே குற்றம், அடைத்து வைத்துப் பட்டினி போட்டது. உணவும், தண்ணீரும், நடமாட இடமும் கொடுத்து இரவில் உள்ளே வைப்பது கொடுமையல்ல, அது பாதுகாப்பு. பூனைக்கும் நல்லது: வண்டியில் அடிபடாது, நாயிடம் சிக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குட்டிகள் பெருகியதும் கோணிப்பையில் போட்டு மலையடிவாரத்திலோ கறிக்கடை ஓரத்திலோ விட்டுவிட்டு, “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று திரும்பி வருகிறோம். இது தவக்குல் அல்ல, அமானிதத்தைக் கைவிடுவது. பாதிக் குட்டிகள் சாகும், மீதி வேட்டையாடும். வளர்க்க முடிந்த அளவே வளருங்கள். கருத்தடை பற்றி ஆலிமிடமும் கால்நடை மருத்துவரிடமும் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள்.

இன்று இஷா தொழுது வீடு திரும்பியதும், உங்கள் பூனை எங்கே என்று பாருங்கள். உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துங்கள்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிருக்கும், அதனால் பாதிக்கப்படும் உயிருக்கும் நீதி செய்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.