சிவப்பு எழுத்தின் வாயை அடைக்காதீர்கள்

இரவு பத்தரை மணி. காலையில் டெமோ. டெர்மினலில் சிவப்பு எழுத்து மளமளவென்று ஓடி நிற்கிறது. மேலே போய் முதல் வரி என்ன சொல்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை. கடைசி வரியை காப்பி செய்து தேடுகிறீர்கள். யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒற்றை வரி கமாண்ட் கிடைக்கிறது. ஒட்டுகிறீர்கள், பில்ட் ஓடிவிடுகிறது. தம்பி, தங்கை, அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பில்ட் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். கோளாறு அங்கேயே இருக்கிறது.

2021 அக்டோபரில் நோட் 17 வந்தது. முந்தின நாள்வரை ஒழுங்காக ஓடிய ரியாக்ட், வ்யூ செயலிகள் பலவற்றின் பில்ட் படுத்துவிட்டது. வெப்பேக் 4 தன் உள்வேலைக்கு எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையை நம்பியிருந்தது. நோட் 17-இல் சேர்ந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அந்த முறையை ஒதுக்கிவைத்துவிட்டது. காரணம் இவ்வளவே. செய்ய வேண்டியது, இந்தச் சிக்கல் தீர்ந்த வெப்பேக் 5 பதிப்புக்கு மாறுவது. பலர் செய்ததோ, ஒதுக்கிய பழைய முறைகளையெல்லாம் மறுபடி திறந்துவிடும் 'லெகசி ப்ரொவைடர்' ஆப்ஷனைப் போட்டது. ஓர் இரவைத் தாண்டப் போட்டிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். அது பில்ட் ஸ்கிரிப்டிலேயே குடியேறிவிட்டது. போட்டவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாகச் சேர்ந்த பெண் அதை எடுத்துப் பார்க்கிறாள், எல்லாம் உடைகிறது, பயந்துபோய்த் திரும்ப வைத்துவிடுகிறாள். அவளுக்காக ஒரு வரி குறிப்பு எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

என்பிஎம்மின் 'ஃபோர்ஸ்', 'லெகசி பியர் டெப்ஸ்' ஆப்ஷன்கள் இரண்டும் இதே ரகம். இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அதை என்பிஎம் முன்கூட்டியே சொல்கிறது. அதை மீறி நிறுவினால் சில சமயம் ஒரே செயலிக்குள் ரியாக்ட் இரண்டு பிரதியாக வந்து உட்காரும். அப்புறம் ஹூக் அழைப்பு தவறு என்று வேறெங்கோ எரர் வரும். நீங்கள் உங்கள் கோடில் குற்றம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். எது பழுதானாலும் நோட் மாட்யூல்ஸையும் லாக் ஃபைலையும் சேர்த்து அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் போடுவது. நோட் மாட்யூல்ஸை அழியுங்கள், பாதகமில்லை. லாக் ஃபைலில் கை வைக்காதீர்கள். எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, அதன் ஹாஷ் என்ன என்று அது ஒவ்வொன்றாகக் குறித்துவைத்திருக்கிறது. அதை அழித்தால், நீங்கள் சோதித்துப் பார்த்தவற்றுக்குப் பதிலாக இன்று காலை யார் எதை ஏற்றினார்களோ அதெல்லாம் உள்ளே வரும். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் நச்சுக் கோடு ஏறியது. பராமரிப்பவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி அவர் கணக்கைக் கைப்பற்றியிருந்தார்கள். பிரவுசரில் ஓடும்போது கிரிப்டோ பணம் போகவேண்டிய முகவரியைத் திருடன் முகவரியாக மாற்றும் கோடு அது. சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்துக்குள் லாக் ஃபைலை அழித்துவிட்டுப் புது பில்ட் போட்டவரை எண்ணிப் பாருங்கள். தன் தளத்துக்கு வருகிறவரின் பையில் கை விடத் தானே வழி திறந்திருப்பார். சர்வரில் 'என்பிஎம் சிஐ' போடுங்கள். லாக் ஃபைலில் உள்ளதை உள்ளபடி நிறுவும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். நிற்பதுதான் அதன் வேலை, அதற்காக அதை வையாதீர்கள்.

என்னை உறங்கவிடாத விஷயம் வேறு. 'வீட்' பில்ட் கருவியில், பெயரின் முன்னால் 'வீட்' என்ற ஒட்டு உள்ள என்விரான்மெண்ட் மாறிகள் மட்டுமே பிரவுசர் கோடுக்குத் தெரியும். அந்த ஒட்டு ஒரு வேலி. பேமெண்ட் சேவையின் ரகசிய சாவியைக் கோடில் கூப்பிடுகிறீர்கள். 'அன்டிஃபைன்ட்' என்று வருகிறது. பெயருக்கு முன்னால் அந்த ஒட்டைச் சேர்த்தால் ஓடும் என்று யாரோ சொல்கிறார்கள். ஓடும்தான். பில்ட் ஆகும்போது அந்தச் சாவி எழுத்தெழுத்தாக ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் பதிந்துவிடும். உங்கள் பக்கத்தைத் திறக்கும் எவரும் பிரவுசரிலேயே அதைப் பார்க்கலாம். கோடைச் சுருக்குவது அதை மறைக்காது. 'என்வ்' ஃபைலை கிட்டில் ஏற்றவில்லை என்பதும் காப்பாற்றாது. ரகசிய சாவிக்குப் பிரவுசரில் இடமே கிடையாது. அது சர்வரில் இருக்கட்டும்; உங்கள் பக்கம் சர்வரிடம் கேட்கட்டும். அரைநாள் கூடுதல் வேலை. ஆனால் அந்தச் சாவிக்குப் பின்னால் இருப்பது உங்கள் பணமல்ல, எங்கோ ஒரு கடைக்காரரின் வசூல்.

மூத்தவர்களே, பத்தரை மணிக்கு 'எப்படியாவது ஓட வை' என்று மெசேஜ் போடுவது நீங்கள்தான். அந்தப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்காது. 'எரரின் முதல் வரியை அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்' என்று எழுதுங்கள். டெமோ ஒரு மணி நேரம் தள்ளிப்போகட்டும், கிளையன்டிடம் நீங்களே பேசுங்கள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கிறவர்களே, நீங்கள் கடைசியாக டிப்ளாய் செய்த பில்டின் 'டிஸ்ட்' ஃபோல்டரைத் திறந்து, உங்கள் ரகசிய சாவிகளின் முதல் சில எழுத்துகளைப் போட்டு இப்போதே தேடுங்கள். கிடைத்தால் ஃபைலைத் திருத்துவதில் தொடங்காதீர்கள். அந்தச் சாவியை ஏற்கெனவே யாராவது எடுத்திருக்கலாம். முதலில் அந்தச் சேவையின் டாஷ்போர்டுக்குப் போய்ப் பழைய சாவியைச் செல்லாததாக்குங்கள். தளம் சற்று நேரம் நின்றாலும் பரவாயில்லை.