கல்யாணப் பத்திரமும் கண்ணாடிக் கோப்பையும்

திருப்பூருக்குப் போகும்போதெல்லாம் காதர்பேட்டையில் ஒரு கடைக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது எனக்கு வழக்கம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பனியன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வது. உண்மையில் அந்தச் சந்துகளில் மனிதர்கள் பேசுவதைக் கேட்கத்தான் போகிறேன். வடக்கேயிருந்து வந்த பையன் தமிழில் விலை சொல்வான். பாலக்காட்டு வியாபாரி மலையாளத்தில் பேரம் பேசுவார். தலையில் பண்டலைச் சுமந்து வருகிறவர் இருவரையும் ஒதுங்கச் சொல்லிச் சத்தம் போடுவார். என் நண்பரின் கடை எட்டடிக்குப் பத்தடி. அதில் கால்வாசி அவர் உட்காரவே போய்விடும். மீதி இடம் முழுவதும், சீமைக்குப் போவதற்கென்று தைத்து, எங்கோ ஒரு தையல் கோணியதால் இங்கேயே தங்கிவிட்ட சட்டைகள்.

சென்ற ஆடியில் ஒரு பிற்பகல் நான் போனபோது நண்பர் முகம் சரியாக இல்லை. டீ வரவழைத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, “ஏனுங்ண்ணா, நீங்க நாலு எழுத்து எழுதறவரு. இதில நியாயம் எங்க இருக்குதுன்னு சொல்லுங்க” என்று ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். தையில் அவருடைய மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் உத்தியோகம், வயது 26. பெண்ணுக்கு 20. அங்கே போய்ச் சேர்ந்ததும், தேனிலவுக்கென்று மாப்பிள்ளை அவளை டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஓர் உல்லாசக் கப்பலில் அழைத்துப் போனார். முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது இரண்டு கோப்பை ஒயின் கொண்டுவரச் சொன்னார். கோப்பைகள் வந்தன. பின்னாலேயே பரிசாரகர்களின் தலைவர் வந்து, பெண்ணின் அட்டையைப் பார்த்துவிட்டு, 21 நிரம்பவில்லையே என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி, அவள் முன்னால் இருந்த கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். “இவள் என் மனைவி” என்று மாப்பிள்ளை எழுந்து நின்று வாதாடியிருக்கிறார். பலிக்கவில்லை.

“தாலி கட்டின பொண்டாட்டின்னு சொன்ன பிறகும் எடுத்துட்டுப் போறதுன்னா, மாப்பிள்ளைக்கு எத்தனை அவமானமுங்க!” என்றார் நண்பர்.

நண்பர் மதுவைத் தொடாதவர். மகள் முன்னால் மதுக்கோப்பை வைக்கப்பட்டதில் அவருக்கு வருத்தமில்லை, அதை எடுத்துக்கொண்டு போனதில்தான் வருத்தம். இது வேடிக்கைதான். ஆனால் வேடிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடியதும் அல்ல. கல்லாவிலிருந்து அவர் மனைவி ஒரே வாக்கியம் சொன்னார்: “எடுத்துட்டுப் போனது நல்லதாப் போச்சு.” அதற்கு மேல் அந்த அம்மாள் பேசவில்லை.

அன்று நான் நண்பருக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகு விஷயம் என்னை விடவில்லை. கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

குடிக்கும் வயது என்பது காதர்பேட்டைச் சட்டையின் அளவு மாதிரி இருக்கிறது. ஒரு நாட்டின் நடுத்தரம் இன்னொரு நாட்டின் பெரியது. தமிழ்நாட்டில் 21; இங்கிருந்து இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் கேரளம், அங்கே 23. புதுச்சேரியில் 18, டில்லியில் 25. குஜராத்திலும் பீகாரிலும் எந்த வயதிலும் கிடையாது. மனிதனுடைய ஈரல் மாநில எல்லையைக் கண்டு வளர்வதோ சுருங்குவதோ இல்லை. சட்டம் எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்கர்கள் 21 என்று போட்ட கோட்டுக்குக் காரணம் மோட்டார் கார். 1971-ல் அங்கே ஓட்டுரிமை வயதை 18 ஆக்கினார்கள். அந்தச் சூட்டோடு பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. இளைஞர்கள் குடித்துவிட்டுக் காரோட்டிச் செத்தார்கள். 1984-ல் மத்திய அரசு, எந்த மாநிலம் 21-க்கு ஏற்றவில்லையோ அதற்குச் சாலைப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வோம் என்று சட்டம் செய்தது. பணம் என்றதும் 1988-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் ஞானம் பிறந்துவிட்டது. நடுக்கடலில் சாலை ஏது, கார் ஏது என்று மாப்பிள்ளை கேட்டிருக்கலாம். கப்பல்களில் பல பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ பறக்கவிடுகிறவை. பஹாமாஸில் 18 வயதுக்காரன் தாராளமாகக் குடிக்கலாம். ஆனாலும் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பினால் 21 என்பதே பெரிய கம்பெனிகளின் வழக்கம். அவற்றில் ஒன்றின் கப்பலே ஆசியாவிலிருந்து கிளம்பினால் 18!

கல்யாணம் இதில் எங்கே வருகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு ருசி தட்டியது. அந்தக் கம்பெனிகள் சிலவற்றில் 21 நிரம்பாதவர்களுக்குத் தனியாக அறை தரமாட்டார்கள்; கூட ஒரு பெரியவர் தங்க வேண்டும். ஆனால் அவர்கள் தம்பதிகளாக இருந்து, கல்யாணப் பத்திரத்தையும் காட்டினால் அறை உண்டு. அதே பத்திரத்தை மதுக்கூடத்தில் காட்டினால் செல்லாது. பத்திரம் அறைக் கதவைத் திறக்கும், சீசாவைத் திறக்காது. இருபது வயதில் இல்லறம் நடத்தத் தெரியும், ஒரு கோப்பை ஒயினைச் சமாளிக்கத் தெரியாது என்பது இதன் தாத்பரியம் போலும்.

சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் டெக்சாஸ் மாநிலத்தின் சட்டத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே 21 நிரம்பாதவர் குடிக்கக் கூடாது. ஆனால் பெற்றோரோ, கார்டியனோ, 21 நிரம்பிய கணவனோ மனைவியோ கண்ணெதிரே இருந்தால் குடிக்கலாம். கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் ஹூஸ்டனில் ஒரு ஹோட்டலில், கடைக்காரர் சம்மதித்திருந்தால், நண்பரின் மகள் தன் கணவன் எதிரில் சட்டப்படி ஒயின் அருந்தியிருக்கலாம். மாப்பிள்ளையின் கோபத்துக்கு இது தெரிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். விஸ்கான்ஸின் மாநிலத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு.

தகப்பன், கார்டியன், கணவன் என்று அந்த வரிசையைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் மனைவியைப் பெரியவள் ஆக்கவில்லை. கணவனைத் தகப்பனுடைய நாற்காலியில் உட்கார்த்தி வைக்கிறது. நமக்கு இது புதிதும் அல்ல. 1956-ல் வந்த நம்முடைய இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம், மைனர்ப் பெண்ணுக்கு மணமாகியிருந்தால் அவளுடைய இயற்கைக் கார்டியன் கணவனே என்கிறது. அதற்கும் முன்னால், 1875-ல் வெள்ளைக்காரன் செய்த மேஜர் வயதுச் சட்டம், பதினெட்டில் ஒருவர் மேஜர் ஆகிறார் என்று சொல்லிவிட்டு, கல்யாண விஷயத்தில் இது குறுக்கிடாது என்று ஒதுங்கிக்கொண்டது. வயல் விற்கப் பெரியவனாக வேண்டும், வாழ்க்கைப்பட வேண்டாம்! பிரான்ஸ் தேசத்தில் மட்டும் வேறு மாதிரி: அங்கே மைனருக்குக் கல்யாணமானால் சட்டமே அவரை மேஜர் போல விடுவித்துவிடுகிறது. கல்யாணம் பொறுப்புத் தரும் என்பது பிரெஞ்சுக்காரர்களின் நம்பிக்கை. கல்யாணம் பொறுப்பாளியைத் தரும் என்பது மற்றவர்களின் நம்பிக்கை.

இப்படி யோசித்துக்கொண்டு போனபோது, அந்தக் கப்பல் பரிசாரகத் தலைவர்மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. “இவள் என் மனைவி” என்ற வார்த்தை அவரிடம் செல்லவில்லை. அவர் பார்த்தது தாலியை அல்ல, அட்டையை. அதாவது இன்னாருடைய மனைவி என்று பாராமல், இத்தனையாம் வருஷம் பிறந்த ஒருத்தி என்று பார்த்தார். தன் வயதைத் தானே வைத்துக்கொள்ள ஒரு பெண்ணை அனுமதிக்கும் விதி, அவளை அவமதிக்கும் விதியாகாது என்று முடிவு செய்தேன்.

அதோடு, நண்பரின் மனைவி சொன்ன அந்த ஒரே வாக்கியமும் எனக்கு அப்போது புரிந்தது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். சனி இரவு அந்த ஊரின் தெருக்களில் நடந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில், அருகே சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாமென்று ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், பெண்கள் ஏராளம். ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்மணியைக் கன்னத்தில் அறைந்ததை நாடு முழுவதும் பார்த்தது. அந்தப் பகுதிப் பெண்களுக்கு மதுவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். பெரும்பாலோர் ஒரு சொட்டும் குடிக்காமலே அதற்கு விலை கொடுத்தவர்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பனை இல்லை என்று கடையில் எழுதி வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். வாங்கிக் குடிப்பவனுக்கு மனைவியாக இருக்க மட்டும் பதினெட்டு போதும். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது, 1949-ல் 15 ஆயிற்று, 1978-ல் 18. ஆணுக்கு 21. பெண்ணுக்கும் 21 ஆக்க 2021 டிசம்பரில் ஒரு மசோதா வந்தது. 2024-ல் அந்த லோக்சபையோடு அதுவும் காலாவதியாகிவிட்டது. வயதை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பிடித்தவனோடு ஓடிப்போன பெண்ணைத் திருப்பிக் கொண்டுவரப் பெற்றோருக்கு இன்னும் மூன்று வருஷம் அவகாசம் கிடைக்கும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் அர்த்தமற்றதல்ல. ஆனால் ஒரு கோப்பைக்கு இத்தனை யோசித்த உலகம், ஓர் ஆயுளுக்கு இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நிற்க. தலைதீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் திருப்பூர் வந்திருக்கிறார்கள் என்று நண்பர் போன் செய்தார். என் சித்தாந்தம் கையில் பழுத்துத் தயாராக இருந்தது, போகாமல் இருப்பேனா? காதர்பேட்டையில் தீபாவளிக் கூட்டம் நெரிந்தது. மாப்பிள்ளை தன் சிநேகிதர்களைப் பார்க்கப் போயிருந்தார். பெண் கடைக்குள் ஒரு பண்டல்மேல் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முன்னால் செய்துகொண்டிருந்த மாதிரியே, சட்டைகளில் விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நான் தயங்கித் தயங்கிக் கப்பல் பேச்சை எடுத்தேன். என் ஆராய்ச்சி முழுவதையும் சொன்னேன். அந்தப் பரிசாரகர் உன்னை மதித்திருக்கிறார் அம்மிணி, உன் வயதை உன்னுடையதாக நினைத்திருக்கிறார் என்று முடித்தேன். அவள் சீட்டு ஒட்டுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட யாருங்க பெரியப்பா பேசுனாங்க?” என்றாள். “இவரு ரெண்டு கிளாஸ் கொண்டாரச் சொன்னாரு. எனக்கு வேணுமான்னு கேக்கல. வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு நான் யோசிச்சுட்டு இருந்தேன். அதுக்குள்ள அந்த ஆளு வந்துட்டாரு. அவரும் எங்கிட்டப் பேசலீங்க. அட்டையப் பாத்தாரு, இவரைப் பாத்தாரு. ரெண்டு பேரும் பத்து நிமிஷம் என் வயசைப் பத்திப் பேசுனாங்க. நான் நடுவுல உக்காந்திருந்தேன்.”

நான் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். கப்பலில் இரண்டு ஆண்கள். இந்தக் கடையில் இரண்டு ஆண்கள். அதில் ஒருவன் அரை டஜன் சட்டங்களைப் படித்துவிட்டு வந்திருக்கிறான். இதை அவளிடம் கேட்கலாம் என்று நாலு பேரில் ஒருவனுக்கும் நாலு மாதமாகத் தோன்றவில்லை.

“மார்கழியில் உனக்கு 21 ஆகிறதே” என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

“ஆகுதுங்க” என்றாள். அதற்கு மேல் அதில் அவளுக்குச் சுவாரசியம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு அவளாகவே சிரித்தாள். “கிளாஸை எடுத்துட்டுப் போனவரு, பாவம், என் மொகம் வாடியிருக்குதுன்னு நெனச்சுட்டாரு போல. ஒரு ஆரஞ்சு ஜூஸ் கொண்டாந்து வெச்சாரு. அதுவும் நான் கேக்கலீங்க. எனக்கு ஆரஞ்சு பிடிக்கவே பிடிக்காது.”

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அவள் தாயார் தலை நிமிர்ந்தார். “பிடிக்காதா? சின்னப் புள்ளைல தினமும் குடிப்பியே அம்மிணி!”

“நீங்க குடுப்பீங்கம்மா. குடிச்சேன்” என்றாள் பெண்.