வினையும் வறியார் கல்வியும்

உயிர்கள் எய்தும் இன்ப துன்பங்கட்கு அவ்வவற்றின் இருவினையே காரணம் என்பது சித்தாந்த நூற்றுணிபு. இத்துணிபைப் பற்றுக்கோடாகக் கொண்டு, "வறியார் வீட்டுப் பிள்ளை கல்லாதொழிவது அதன் ஊழ், அதற்கு நாம் செய்யக்கடவது யாது?" என்று கூறி அமைவாரும் நம்மவருள் உளர். அக்கூற்று நம் சமயக் கொள்கைக்கு ஒக்குமா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆணவமலம் உயிர்தோறும் அநாதியே உள்ளது. செல்வர் மகனும் கூலியாள் மகனும் மும்மலமுடைய சகலரே. ஆணவத்தால் மறைப்புண்ட அறிவு, இறைவன் அருளிய தனு கரண புவன போகங்களின் துணையாற் சிறிது விளங்கும். அப்பொழுதும் உயிர் தானே அறியமாட்டாது, அறிவிக்க அறியும். ஆதலின், ஒரு சிறுவன் எழுத்தறியாதிருத்தல் அவனுயிர்க்கு அறியும் இயல்பு இன்மையைக் காட்டாது. அறிவிப்பார் இன்மையையே காட்டும்.

ஐந்து வகுப்பிற்கும் ஆசிரியர் இருவரே உள்ள தொடக்கப்பள்ளிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் பல. ஆசிரியர் ஒரு வகுப்பிற்குக் கணக்குச் சொல்லும்பொழுது, அவர்பாலுள்ள ஏனை வகுப்பார் வாளாவிருப்பர். அச்சிறாருட் பலர்க்கு வீட்டிலும் பாடங் கேட்பார் இலர். பெற்றோர் வைகறையிற் கூலிக்குச் சென்று இருள்பட மீள்வர். செல்வர் மகனுக்கோ, தவறிய பாடத்தை மாலையில் வேறோர் ஆசிரியர் பொருள் பெற்று மீண்டும் உணர்த்துவர். இவ்விருவரையும் ஒரே தேர்வில் நிறுத்தி, ஒருவனைக் கூர்மதியன் என்றும் மற்றவனை மந்தன் என்றும் பெயரிடுதல் நடுவுநிலையாகுமா?

"அவ்வேறுபாடும் வினைப்பயனே யன்றோ?" எனின், ஆகுக. பிறனொருவனது பிராரத்தம் இவ்வளவினது என அளந்தறிந்தார் யார்? வறுமை அவன் வினைப்பயனாயின், அவ்வறுமையிடையே ஓராசிரியர் வந்து கற்பித்தலும் அவன் வினைப்பயனே யாகலாம். அதனைக் கூட்டுவிப்பான் இறைவன்; கருவியாவார் நாம். கருவியாதற்குரிய கல்வியும் ஓய்வும் பெற்றிருந்தும் வாளா ஒழிவோமாயின், அவ்வொழிவு நமக்கு ஆகாமியமாய் ஏறும். வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் திருத்திக்கோடற்கு உரியது. பிறர் இடர் கண்டு கைகட்டியிருத்தற்கு உரியதன்று.

"பக்குவம் இல்லார்க்குக் கற்பித்து யாது பயன்?" எனவும் வினவுவர். சத்திநிபாதத்திற்குரிய மலபரிபாகம் வேறு. அரிச்சுவடி கற்றற்குரிய தகுதி வேறு. முன்னதை அறிவான் இறைவன். பின்னதற்கு வேண்டுவன வயிறார உணவும், பொறுமையுடைய ஆசிரியருமே. மாயையின் காரியமாகிய உடம்பு உயிர்க்கு விளக்குப் போல்வது. நெய்யின்றி விளக்கு எரியாது. 1920இல் சென்னை நகராண்மைக் கழகம் ஆயிரம்விளக்குப் பள்ளியிற் பகலுணவு அளித்ததும், காமராசர் ஆட்சியில் 1956இல் அம்முறை நாடெங்கும் பரவத் தொடங்கியதும், 1982இல் சத்துணவாய் வளர்ந்ததும், 2022இற் காலையுணவு சேர்ந்ததும் இவ்வுண்மையை உணர்ந்த செயல்களே.

சோறும் கல்வியும் ஒருங்கு அளித்தல் நம் மடங்கட்குப் புதிதன்று. எளிய குடியிற் பிறந்த உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவிலன்றோ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்பாற் பாடங் கேட்டனர்! அவ்வாதரவின் பயனை 1889இற் பத்துப்பாட்டாகவும் 1894இற் புறநானூறாகவும் தமிழுலகம் பெற்றது. ஆயினும், அந்நாளில் அவ்வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. கல்வி மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்டோரின் சிறார்க்காகச் சுவாமி சகசானந்தர் 1916இற் சிதம்பரத்தில் நந்தனார் பெயராற் பள்ளி கண்டனர். நாயனாரைத் திருக்கோயிலில் வணங்கி, அவர் தெருப்பிள்ளையைக் கல்லாது விடுதல் வழிபாட்டிற்கே மாறாம்.

ஆதலின், மடங்களைச் சார்ந்த புலவர்கள் தத்தம் ஊரின் எளிய பள்ளியொன்றிற்கு நாடோறும் மாலை ஒரு நாழிகையேனும் சென்று, பிற்பட்ட பிள்ளைகளை அருகிருத்தி எழுத்தும் எண்ணும் உணர்த்துவாராக. யாதொன்றும் கைம்மாறு கருதற்க. நம் சமயத்திற்கு ஆள் சேர்த்தலையும் கருதற்க. உயிரோடு பிரிவறக் கலந்து நின்று அறிவிப்பவன் சிவபெருமான். அச்சிறுவன் ஓரெழுத்தை உணருங்கால் அங்கு நிகழ்வது அவன் அறிவிக்குஞ் செயலே. அச்செயற்கு உடனிருந்து உதவுதலினும் சிறந்த சிவப்பணி வேறு யாது? திருவருள் முன்னிற்க.