முத்திரை இல்லாத தராசு

நம் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முத்திரை இல்லாத தராசில் நிறுத்துக் கொடுத்தால், நிறை சரியாகவே இருந்தாலும் குற்றம்தான். காரணம் எளிது. சரக்கு வாங்க வருகிறவருக்குத் தராசின் உள்ளே இருப்பது தெரியாது. அவருக்காக அரசாங்கம் பார்த்து முத்திரை இடுகிறது.

இன்று மஸ்ஜித் இந்தியாவிலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள கடைகள் பலவற்றுக்கு இரண்டாவதாக ஒரு வாசல் ஏற்பட்டிருக்கிறது. அதுதான் இணையதளம். வாடிக்கையாளர் கைத்தொலைபேசியில் பார்க்கிறார், விரலால் தொடுகிறார், பணம் வந்து சேருகிறது. இந்த வாசலை நாம் கட்டவில்லை. அதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு கட்டித் தருகிறார். இந்தத் தராசுக்கு முத்திரை இடுபவர் யார்? ஒருவருமில்லை. அதில் பொய் இருந்தால் பழி யாருடையது? கையால் செய்தவருடையதா, காசு கொடுத்துச் செய்வித்தவருடையதா? வியாபாரிகளாகிய நாம் நிதானமாக ஆராய வேண்டிய கேள்வி இது.

முதலில் தொழில் செய்பவரின் பக்கத்தைப் பார்ப்போம். ஆசாரி செய்த மேசை ஆடினால் நமக்குத் தெரியும். தையற்காரர் தைத்த சட்டை இறுக்கிப் பிடித்தால் தெரியும். இணையதளத்திலோ முகப்பின் அழகு மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும். பின்னால் இருப்பது அமைத்தவருக்கே வெளிச்சம். உதாரணமாகத் தளத்தின் பெயரை எடுத்துக்கொள்வோம். ‘டாட் மை’ என்று முடியும் பெயர்களை நம் நாட்டில் மைநிக் என்னும் அமைப்பு நிர்வகிக்கிறது. யார் பெயரில் பதிவாகிறதோ, அவர் கையில்தான் அதன் உரிமை நிற்கும். கடைக்காரர் கொடுத்த பணத்தில், அமைப்பவர் தம் பெயரிலேயே பதிந்துகொண்டால் என்னவாகும்? நம் கடையின் பெயர்ப்பலகை அவர் வீட்டுச் சொத்தாகிவிடும். பிற்காலத்தில் மனத்தாங்கல் வந்தால் ஒரே நாளில் கடை வாசல் அடைபட்டுப் போகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நம்மில் அறியாதவர் இல்லை. மழையில் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை வாங்குவோர் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் வைத்ததே குற்றம். இணையதளத் தொழிலுக்கும் இதுவே அளவுகோல். வேலையில் குறை இருக்கலாம்; அதைச் சொல்லிவிட்டால் அது குறை மட்டுமே. மறைத்தால் மோசடி.

வாடிக்கையாளர்களின் விவரங்கள் இன்னும் கனமான பொறுப்பு. பெயர், விலாசம், தொலைபேசி எண் யாவும் அந்தத் தளத்தின் அடியில் சேருகின்றன. 2017-இல் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி இணைப்புகளின் விவரங்கள் வெளியே கசிந்தது நினைவிருக்கலாம். அது நாட்டின் ஜனத்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தபோது, காப்பாற்றும் கடமை கடைக்காரர் மீதே இருந்தது. 2024-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஏப்ரல் முதல், கடைக்காரருக்காக அவ்விவரங்களை வைத்துக் கையாளுகிறவரும் நேரடியாகப் பொறுப்பாளியாகிறார். செய்வித்தவர், செய்தவர் இருவரையும் சட்டமே இப்போது ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

நிற்க. இனி நம் பக்கம் திரும்புவோம். இதுவே கசப்பான பகுதி.

கிட்டங்கியில் ஐம்பது பெட்டி இருக்க, ‘இன்னும் இரண்டே பாக்கி’ என்று தளத்தில் போடச் சொல்வது யார்? பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது என்று கடிகாரம் ஓடவிட்டு, முடிந்ததும் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்கச் சொல்வது யார்? கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதும், சேருவதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது பக்கமும் வைப்பதும் யாருடைய யோசனை? இளைஞர் தாமாக இவற்றைச் செய்வதில்லை. பணம் கொடுப்பவர் கேட்கிறார், அவர் செய்கிறார்.

இத்தகைய தந்திரங்களுக்கு 2010-இல் ஹாரி பிரிக்னல் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர் ‘இருண்ட வடிவங்கள்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இந்திய அரசாங்கம் 2023 நவம்பரில் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. மக்களை அவர்கள் அறியாமல் சந்தாவில் சேர்த்தது, விலகுவதைக் கடினமாக்கியது என்னும் குற்றச்சாட்டின்மேல் நடந்த வழக்கை முடித்துக்கொள்ள, அமேசான் நிறுவனம் 2025 செப்டம்பரில் 250 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க இசைந்தது. பெரிய கம்பெனி செய்தால் வழக்காகிறது. சிறிய கடை செய்தால் பேச்சு அடங்கிவிடுகிறது. அளவு வேறே தவிர, செயல் ஒன்றுதான்.

அமைப்பவரைக் கேட்டால், ‘முதலாளி சொன்னார், செய்தேன், நான் மறுத்தால் அடுத்தவன் செய்துவிட்டுப் போவான்’ என்பார். முதலாளியைக் கேட்டால், ‘எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது’ என்பார். இரண்டு பதிலையும் தராசில் வைத்துப் பாருங்கள். சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியும். கடிகாரம் பொய் என்பது அமைத்தவருக்குத் தெரியும். ஒன்றுமே தெரியாதவர் வாங்க வந்தவர் ஒருவர்தான். தெரிந்த இருவர் சேர்ந்து தெரியாத ஒருவரை ஏமாற்றிவிட்டு, தமக்குள் பழியைப் பங்கு பிரிப்பது எவ்வகையில் நியாயம்? கூட்டு வியாபாரத்தில் லாபம் பங்காகப் பிரியும். பாவம் அப்படிப் பிரிவதில்லை. ஒவ்வொருவருக்கும் முழுதாகவே வந்து சேரும்.

ஆயினும் இருவரின் நிலைமையும் ஒன்றல்ல. வாடகை கட்ட வேண்டிய இளைஞர் ‘மாட்டேன்’ என்று சொன்னால் அந்த மாதக் கூலியை இழக்கிறார். கேட்காமல் இருப்பதற்கு முதலாளிக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஆதலால் ஒருவரை அந்தச் சோதனைக்கு உள்ளாக்காமல் இருப்பது கூலி கொடுப்பவரின் முதல் கடமை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு நல்ல பக்கமும் உண்டு. 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் நம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்றோர் தளத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் கருவி கொண்டு கேட்கிறார்கள். படத்தின் பின்னால் ‘இது இன்ன பொருள்’ என்று நாலு வார்த்தை எழுதி வைத்திருந்தால் கருவி அதை வாசிக்கும், இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். சிட்னி ஒலிம்பிக் தளத்தில் இந்தக் குறை இருந்ததால், புரூஸ் மகுவைர் என்னும் பார்வையற்றவர் முறையிட்டார். 2000 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 20,000 டாலர் நஷ்டஈடும் கிடைத்தது. அந்த நாலு வார்த்தையை எழுதாமல் விட்டாலும் கண்ணுள்ள முதலாளிக்குத் தெரியப்போவதில்லை. இருந்தும் எழுதுகிறவரே நாணயமான தொழிலாளி.

இத்தொழிலுக்கு ஒரு மன்றம் வைத்துப் பதிவு செய்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். கணினித் தொழிலாளருக்கு அப்படி ஒரு மன்றம் அமைக்க 2011 இறுதியில் நம் நாட்டில் மசோதா நகல் ஒன்று வெளிவந்தது. அத்தொழிலைச் சேர்ந்தவர்களே பலமாக எதிர்த்தார்கள், அது சட்டமாகவில்லை. ஆகவே இப்போதைக்கு முத்திரை நம் ஒப்பந்தத்திலும் நம் மனச்சாட்சியிலும்தான் இருக்கிறது.

தளம் அமைக்கக் கொடுக்கும் சகோதரர்கள் நாலு விஷயங்களை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயர் கடையின் பெயரில் பதிவாக வேண்டும். சாவிச்சொற்களின் பிரதி கடையில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் விவரங்கள் அமைத்தவரிடம் தங்கக்கூடாது. பிறர் எடுத்த படத்தை அனுமதியின்றிப் போடக்கூடாது. ஐந்தாவதாக நம் பக்கத்துக்கு ஒன்று: பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுப்பது. மூன்று மாதிரி வரைந்து காட்டச் சொல்லிவிட்டு, ஒன்றுக்கும் காசு தராமல் நாளைக் கடத்துகிறவருக்கு, அமைப்பவரின் நாணயத்தைப் பற்றிப் பேச வாய் ஏது?

தராசு நிறுவை அதிகாரிக்குப் பயந்து நேராக நிற்பது சட்டத்தின் வெற்றி. பார்ப்பவர் எவருமில்லாத இடத்தில் நேராக நிற்பதே வியாபாரியின் வெற்றி.