தாழ்ந்த மூக்கா?

தென் கொரியத் தலைநகராம் சியோலிலே, அப்குஜோங் என்றொரு பகுதி. அழகு அறுவை நிலையங்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. மூக்கை உயர்த்திக்கொள்ளப் படியேறுவோர் பலருக்கு நோயேதும் இல்லை. மூச்சு தடையின்றி வருகிறது, மணம் தெரிகிறது. குறை ஒன்றுதான்—மூக்குத்தண்டு தாழ்ந்திருக்கிறதாம்!

எதைவிடத் தாழ்ந்தது? அளந்தவர் யார்? கேட்கிறோம்.

சிலிக்கோன் துண்டைச் செருகுகிறார்கள். அன்றேல், காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பை எடுத்து வைக்கிறார்கள். சீழ் பிடிக்கலாம். துண்டு விலகலாம். ஆண்டுகள் சென்றபின், தோலைத் துளைத்துக்கொண்டு அது வெளிவருவதும் உண்டு.

கலையை நாம் பழிக்கவில்லை. திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட வண்டியோட்டி கவாஸ்ஜிக்கு, புனாவிலே நெற்றித் தோலைக்கொண்டு மூக்கமைத்த செய்தியை 1794-ல் இலண்டன் ஏடு வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர் அதைக் கண்டு கற்றனர். இழந்ததை மீட்ட அறிவு அது! இழக்காதவரையும் இழந்தவராக எண்ணவைத்தது எது?

கொரியப் போரை அடுத்து அங்கே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் மில்லார்டு, 1955-ல் எழுதிய கட்டுரையிலே ஒரு மொழிபெயர்ப்பாளரைக் குறிப்பிடுகிறார். நன்றாக ஆங்கிலம் பேசும் கொரியர். தம் சாய்ந்த கண்களைக் கண்டு அமெரிக்கர் நம்ப மறுக்கிறார்கள், மாற்றித்தாருங்கள் என்று வேண்டினாராம். மருத்துவர் கண்ணை மாற்றினார். குருத்தெலும்பு வைத்து மூக்கையும் உயர்த்தினார். ஐயுற்றவன் பார்வையிலே பழுது. கத்தி பாய்ந்ததோ ஐயுறப்பட்டவன் முகத்திலே!

அது பழங்கதை, இன்று நாங்கள் வெள்ளையரைப் பார்த்து வரையவில்லை, எங்கள் முகத்துக்கு இசைந்த அழகையே நாடுகிறோம் என்பர் கொரியர். இருக்கலாம், மறுக்கமாட்டோம். அவரவர் உடல் அவரவர் உடைமை. பகட்டுக்காரி என்று அந்தப் பெண்ணை ஏசுவோர் கூட்டத்திலும் நாம் சேரோம். ஆனால், வேலை கேட்டு எழுதும் தாளிலே முகப்படம் ஒட்டச்சொன்ன நாடு அது. தேர்வாளர் திறமையைப் படிக்குமுன் மூக்கைப் படித்துவிடுகிறார்! அந்த நிலையிலே "என் விருப்பம்" என்று அவள் சொல்வதில் எவ்வளவு அவளுடையது?

அரசும் உணராமலில்லை. 2017-ல் பொது நிறுவனங்களிலே முகம் பாராத் தேர்வைக் கொணர்ந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, முப்பதும் அதற்கு மேலும் ஊழியர் கொண்ட நிறுவனங்கள், பணிக்குத் தேவையற்ற உயரம், எடை, தோற்றம் ஆகியவற்றைக் கேட்கலாகாது என்றது.

நல்ல சட்டம். முகப்படம் ஒட்டச்சொல்வதை மட்டும் அது தடுக்கவில்லை.